தெருநாய்களுக்கும் டியூஷன் பிள்ளைகளுக்கும் கம்பெனி நிதி கிடைக்குமா?

கேள்வி: கோவில்பட்டியில் நானும் தோழிகள் நான்கு பேரும் ஐந்து வருடமாகத் தெருநாய்களைப் பராமரித்து வருகிறோம். அடிபட்டவை, யாரோ கொண்டுவந்து விட்டுப்போன குட்டிகள் என்று இப்போது 34 நாய்கள். என் கொழுந்தனாரின் காலி மனையில் கொட்டகை போட்டு, அவருக்கு மாதம் 3,000 ரூபாய் வாடகை கொடுக்கிறோம். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள் 22 பேருக்கு மாலையில் இலவச டியூஷனும் நடத்துகிறோம். நாய்களுக்கு மட்டும் மாதம் 28,000 ரூபாய் ஆகிறது. தெரிந்தவர்கள் என் ஜிபே எண்ணுக்கு அனுப்புவது மாதம் 15,000 ரூபாய் வரை வரும், மிச்சம் எங்கள் கைக்காசு. ஒரு கம்பெனியில் உதவி கேட்டபோது “80ஜி இருக்கா, சிஎஸ்ஆர்-1 இருக்கா?” என்றார்கள். எங்களிடம் எதுவும் இல்லை. கருத்தடை ஆபரேஷன் முகாம் நடத்தவும், பணம் வாங்கிக்கொண்டு வீட்டு நாய்களைப் பார்த்துக்கொள்ளும் விடுதி தொடங்கவும் ஆசை. டொராண்டோவில் இருக்கும் அக்கா மகன் பணம் அனுப்புகிறேன் என்கிறான். “பைரவர் அறக்கட்டளை” என்று பெயர் வைக்கலாமா? 40,000 ரூபாய் கொடுத்தால் எல்லாப் பதிவும் முடித்து 20 லட்சம் கம்பெனிப் பணமும் வாங்கித் தருவதாகவும், வந்ததில் 30 சதவீதம் மட்டும் ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்றும் ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவில்பட்டி

பதில்: சகோதரி, கடைசியாகக் கேட்டதற்குத்தான் முதலில் பதில். அந்த ஆளிடம் போகாதீர்கள். 40,000 ரூபாய் போனால்கூடப் போகட்டும், ஆபத்து அந்த 30 சதவீதத்தில்தான் இருக்கிறது.

சில வருடம் முன்பு இப்படிச் சிக்கிய ஒரு காப்பகத்தார் என்னிடம் கணக்குத் தணிக்கைக்கு வந்தார்கள். வந்த பணம் 15 லட்சம். அதில் நாலரை லட்சத்தை ரொக்கமாக எடுத்துத் தரகர் கையில் கொடுத்துவிட்டார்கள். வருடக் கடைசியில் கம்பெனி கேட்டது 15 லட்சத்துக்கும் செலவுச் சான்று. இல்லாத நாலரை லட்சத்துக்கு எங்கே போவது? அரிசிக்கடை பில் வாங்கி வைத்திருந்தார்கள். ஒரே தேதியில் நாலு பில், ஒவ்வொன்றிலும் ஒன்பது மூட்டை, அடுத்தடுத்த எண்கள், ஒரே பேனா. காப்பகத்தில் இருந்ததோ அறுபது நாய். நான் கையெழுத்துப் போடவில்லை. அந்தத் தரகர் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. செக்கில் கையெழுத்துப் போட்ட டிரஸ்டி அம்மாவின் பெயர் எல்லாக் காகிதத்திலும் இருந்தது.

அடுத்து உங்கள் ஜிபே. மற்றவர்கள் அனுப்பும் பணம் உங்கள் சொந்தச் சேமிப்புக் கணக்கில் விழுகிறது. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு வருடத்தில் வரும் அன்பளிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் மொத்தமும் உங்கள் வருமானம் என்றுதான் சட்டம் பார்க்கும். மாதம் 15,000 என்றால் வருடத்துக்கு 1,80,000. “எல்லாம் நாய்க்குத்தான் சார் போட்டேன்” என்பது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அதற்கு ஆதாரம் வேண்டுமே. அதனால் அறக்கட்டளையைப் பதிந்து அதன் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்குவதுதான் முதல் வேலை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

சங்கமாகப் பதிவதா, டிரஸ்ட்டாகப் பதிவதா? தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் பதிந்தால் ஏழு உறுப்பினர் வேண்டும், வருடா வருடம் பொதுக்குழு கூட்டி மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். அதை மறந்து பல வருட அபராதத்தோடு வந்து நிற்கும் சங்கங்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஐந்து பேர் இருக்கிறீர்கள், சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்து டிரஸ்ட்டாகவே தொடங்குங்கள். ஐந்து பேருமே டிரஸ்டியாக இருங்கள். நீங்கள், உங்கள் கணவர், கொழுந்தனார் என்று ஒரே வீட்டு ஆட்களைப் போட்டால் சட்டம் தடுக்காது, பணம் கொடுப்பவர் முகம் சுளிப்பார்.

பத்திரத்தில் நோக்கங்கள் என்று ஒரு பகுதி வரும். எழுத்தர் தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் மாதிரியை அப்படியே அடித்துக் கொடுப்பார்: கல்வி, மருத்துவம், முதியோர் இல்லம், மரம் நடுதல் எல்லாம் இருக்கும், விலங்கு மட்டும் இருக்காது. விலங்கு நலம், நாய்களுக்குச் சிகிச்சை, தடுப்பூசி, காப்பகம், பிறகு பிள்ளைகளின் கல்வி என்று உங்கள் வேலையை வார்த்தையாக எழுதச் சொல்லுங்கள். ஒரே டிரஸ்ட் இரண்டையும் செய்யலாம். ஆனால் பத்திரத்தில் இல்லாத வேலைக்குச் செலவழித்தால் பிரச்சினை வரும். கொழுந்தனாருக்குக் கொடுக்கும் வாடகைக்கும் ஒப்பந்தம் போட்டு, ரொக்கமாக இல்லாமல் வங்கி வழியாகக் கொடுங்கள். டிரஸ்டியின் உறவினருக்குப் போகும் பணத்தை வருமான வரிக்காரர்கள் தனியாகப் பார்ப்பார்கள். சந்தை வாடகைக்கு மேல் போகாத வரை பயமில்லை. கோவில்பட்டியில் 3,000 ரூபாய்க்கு மனை கிடைத்தது உங்கள் கொழுந்தனாரின் பெருந்தன்மை என்றே நினைக்கிறேன்.

பத்திரம், பான், வங்கிக் கணக்கு, அப்புறம் தொண்டு நிறுவனங்களுக்கான அரசின் தர்பன் இணையதளத்தில் பதிவு. அதற்குமேல் வருமான வரிப் பதிவு இரண்டு. டிரஸ்ட்டின் வருமானத்துக்கு வரி வராமல் இருக்க ஒன்று, இதைத்தான் எல்லோரும் 12ஏ என்கிறார்கள். கொடுப்பவருக்கு வரிச் சலுகை கிடைக்க இன்னொன்று, 80ஜி. முதலில் மூன்று வருடத்துக்குத் தற்காலிகப் பதிவு தருவார்கள், வேலை தொடங்கியபின் முறையான பதிவுக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். இந்த இரண்டாவது விண்ணப்பத்தைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள், காலண்டரில் இப்போதே குறித்து வையுங்கள். 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. ஆனால் கம்பெனிக்காரர்கள் இன்னும் பல வருடம் “80ஜி இருக்கா” என்றுதான் கேட்பார்கள்.

80ஜி வந்துவிட்டால் தனியாட்கள் வரிசையில் நின்று கொடுப்பார்கள் என்று நினைக்காதீர்கள். புதிய வரி முறையில் இருக்கும் சம்பளக்காரருக்கு இந்தச் சலுகையே கிடையாது. பழைய முறையில் இருப்பவருக்கும் உங்களைப் போன்ற டிரஸ்ட்டுக்குக் கொடுத்ததில் பாதித் தொகைக்குத்தான் கழிவு, அதுவும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் இல்லை. நன்கொடைப் பட்டியலை வருடம் முடிந்ததும் மே 31-க்குள் துறைக்குத் தாக்கல் செய்து சான்று கொடுக்க வேண்டும் என்பதுதான் இதுவரை இருந்த விதி, தாமதித்தால் ஒரு நாளைக்கு 200 ரூபாய். சின்ன டிரஸ்ட்டுக்கு இது சுமைதான். இருந்தாலும் 80ஜி இல்லாமல் சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியின் கதவு திறக்காது.

கம்பெனிகள் சட்டம் 2013-ன் 135-ஆம் பிரிவுப்படி நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எந்தெந்தப் பணி என்ற பட்டியல் ஏழாவது அட்டவணையில் இருக்கிறது. அதில் விலங்கு நலம் என்ற சொல் நேராகவே உள்ளது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், “நாய்க்கெல்லாம் சிஎஸ்ஆரில் கொடுக்க முடியாதுங்க” என்று கம்பெனி ஆட்களே சொல்வார்கள். அட்டவணையின் அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தன் ஆலை இருக்கும் ஊருக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது.

ஆனால் உங்களுக்கு இன்றைக்கே அது கிடைக்காது. வெளி டிரஸ்ட் ஒன்றின் மூலம் கம்பெனி செலவழிக்க வேண்டுமானால், அந்த டிரஸ்ட்டுக்கு 12ஏ, 80ஜி, கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 படிவம் கொடுத்து வாங்கும் பதிவு எண் எல்லாம் இருக்க வேண்டும், அதே வகைப் பணியில் குறைந்தது மூன்று வருட அனுபவமும் வேண்டும். நீங்கள் ஐந்து வருடம் செய்திருந்தாலும் டிரஸ்ட் பிறப்பது இப்போதுதான். ஆக இந்த மூன்று வருடத்தை எப்படிக் கழிப்பது என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி.

ஒரு நோட்டு போடுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. காப்பகக் கணக்கு என்று என் மேஜைக்கு வருவது பெரும்பாலும் ஒரு பிஸ்கட் டப்பா. திறந்தால் மருந்துக்கடை பில்கள் மை மங்கி வெள்ளைத் தாளாகக் கிடக்கும், கோழிக்கடைக்காரர் தேதிக் காலண்டர் தாளின் பின்னால் “கால், தலை 6 கி” என்று எழுதித் தந்த துண்டு இருக்கும், ஆட்டோவுக்குக் கொடுத்ததற்கு ஒன்றுமே இருக்காது. ஆட்டோவுக்கு ஒரு வவுச்சர் எழுதி டிரைவரிடம் கையெழுத்து வாங்க அரை நிமிடம் போதும். மருந்து பில்லை வாங்கிய அன்றே போனில் படம் எடுத்துவிடுங்கள். பில் டிரஸ்ட் பெயரில் இருக்கட்டும், உங்கள் பெயரிலோ டாக்டர் பெயரிலோ வேண்டாம்.

நாய்களுக்கும் ஒரு நோட்டு. “கருப்பி, பெண், சுமார் 3 வயது, பஸ் ஸ்டாண்டு பின்புறம், பின்னங்கால் முறிவு, காதில் வெட்டு உண்டு, வெறிநாய்த் தடுப்பூசி இன்ன தேதி” என்று ஒரு நாய்க்கு ஒரு பக்கம். காதில் வெட்டு என்றால் கருத்தடை முடிந்த நாய் என்று உங்களுக்குத் தெரியும், படிக்கிற கம்பெனிக்காரருக்குத் தெரியாது, அதையும் ஒரு வரி எழுதி வையுங்கள். இறந்ததையும் எழுதுங்கள். சாவே இல்லாத காப்பக நோட்டை நான் நம்புவதில்லை.

இந்த நோட்டிலிருந்துதான் ஒரு எண் கிடைக்கும். 28,000 ரூபாயை 34 நாய்க்கும் 30 நாளுக்கும் வகுத்துப் பாருங்கள், ஒரு நாய்க்கு ஒரு நாளைக்கு 27 ரூபாய் சொச்சம். ஒரு டீயும் வடையும். “வாயில்லா ஜீவன்களுக்கு உதவுங்கள்” என்று கேட்டால் ஐந்நூறு ரூபாய் வரும், மறந்துவிடுவார்கள். “கருப்பிக்கு ஒரு மாதச் செலவு சுமார் 820 ரூபாய், ஒரு வருடத்துக்கு நீங்கள் ஏற்கிறீர்களா” என்று கேட்டால் மாதா மாதம் வரும். முப்பத்து நாலுக்கும் ஆள் பிடிக்க வேண்டாம், இருபது பேர் கிடைத்தால் கொட்டகை நிற்கும். கடைத்தெருவில், பள்ளியில் உங்களோடு படித்தவர்களின் வாட்ஸாப் குழுவில், ரோட்டரி, லயன்ஸ் கூட்டங்களில் இப்படிக் கேளுங்கள். அரிசி மில்லிலிருந்து குருணையாகத் தந்தாலும் வாங்கி, எடையையும் மதிப்பையும் எழுதி ரசீது கொடுங்கள், அதுவும் வரவுதான். நாய்ச் செலவே வருடம் 3,36,000 ஆகிறது. கணக்குத் தணிக்கை சட்டப்படி கட்டாயமோ இல்லையோ, முதல் வருடத்திலிருந்தே செய்யுங்கள். மூன்று வருடத் தணிக்கை அறிக்கையை மேஜையில் வைத்தால் அதற்குமேல் அனுபவச் சான்று யாரும் கேட்க மாட்டார்கள்.

மூன்று வருடம் முடிந்ததும் பெரிய பெயர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருக்காதீர்கள். சிஎஸ்ஆர் கடமை வருடத்துக்கு 50 லட்சத்தைத் தாண்டாத கம்பெனிக்குத் தனிக் குழு தேவையில்லை, இயக்குநர்களே முடிவெடுக்கலாம். சுற்றுவட்டாரத்தில் அப்படிப்பட்ட நூற்பாலை ஒன்று இருந்தால் நீங்கள் பார்க்க வேண்டியது ஒரே ஒரு முதலாளியை. ஏப்ரல், மே மாதத்தில் போய்ப் பேசுங்கள், ஜனவரியில் ஞாபகப்படுத்துங்கள். மார்ச் முடிவதற்குள் செலவழித்தாக வேண்டுமே என்ற நெருக்கடியில் பல கம்பெனிகள் தவிக்கும். அப்போது காகிதம் எல்லாம் தயாராக வைத்திருப்பவருக்குத்தான் பணம் போகும்.

எதற்குக் கேட்பது? சோற்றுக்குக் கேட்காதீர்கள். மாதாமாதம் தீர்ந்துபோகும் செலவைக் கம்பெனி விரும்பாது. அது தனியாட்களின் பணத்தில் நடக்கட்டும். முடிவு தெரிகிற ஒரு வேலைக்குக் கேளுங்கள். உங்கள் இரண்டு பணியும் சேருமிடம் ஒன்று இருக்கிறது: வெறிநாய்க்கடி. ஒரு பகுதி நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டால் அங்கே ரேபிஸ் பரவுவது நிற்கும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. நாலு தெரு, அதில் இத்தனை நாய், இத்தனைக்கு ஊசி, கடித்தால் உடனே சோப்பும் தண்ணீரும் விட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று அந்த 22 பிள்ளைகளுக்கும் அவர்கள் பள்ளிக்கும் சொல்லிக்கொடுத்தல், ஒரு வருடம். இரண்டு பக்கத்தில் எழுதி முடித்துவிடலாம். நாய்களைப் பிடித்து ஊசிக்குக் காட்டும் உங்கள் ஐந்து பேருக்கும் முன்கூட்டியே போடும் ரேபிஸ் ஊசியை அந்தத் திட்டச் செலவிலேயே சேருங்கள், இதைக் கேட்கப் பலரும் வெட்கப்படுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. பிள்ளைகள் படத்தைக் காட்டினால் பணம் சுலபமாக வரும் என்பது உங்களுக்கே சீக்கிரம் தெரிந்துவிடும். டியூஷனுக்கென்று வந்த பணத்தில் நாய்க்கு மருந்து வாங்கினால், மருந்து உண்மையாகவே இருந்தாலும் அது தவறு. இரண்டுக்கும் கணக்குத் தலைப்பு தனித்தனியாக இருக்கட்டும், பணம் தட்டுப்பட்டாலும் இதிலிருந்து அதற்கு மாற்றாதீர்கள்.

கருத்தடை முகாம் ஆசையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். 2023-ல் வந்த விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி இந்திய விலங்கு நல வாரியத்தின் திட்ட அங்கீகாரம் இல்லாமல் அதை நடத்த முடியாது. தெருநாய்க் கருத்தடை உள்ளாட்சியின் பொறுப்பு. உங்கள் நகராட்சி நாய்களை எங்கே அனுப்புகிறது என்று சுகாதாரப் பிரிவில் கேளுங்கள், பிடித்துக் கொண்டுபோய்த் திரும்ப அதே தெருவில் விடும் வேலையை நீங்கள் செய்யலாம். தெருவில் சோறு வைக்கிறீர்கள் என்றால், 2025 ஆகஸ்ட் 22-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி அதற்கென்று உள்ளாட்சி ஒதுக்கும் இடத்தில்தான் வைக்க வேண்டும். அந்த இடத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், கம்பெனியின் வக்கீல் முதலில் கேட்பது இதுவாகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் பத்துப் பேர் ஆட்சேபம் இல்லையென்று கையெழுத்துப் போட்ட கடிதம் ஒன்றும் இருந்தால் இன்னும் நல்லது.

விலங்கு நல வாரியமே காப்பகம், ஆம்புலன்ஸ் போன்றவற்றுக்கு மானியத் திட்டங்கள் வைத்திருக்கிறது. 1962-ல் தொடங்கிய வாரியம், முதல் தலைவர் ருக்மிணி தேவி அருண்டேல். நான் தொழிலுக்கு வந்தபோது ஒரு சந்தேகம் என்றால் திருவான்மியூருக்குப் பஸ் ஏறினால் போதும், 2018-ல் தலைமையகம் ஹரியானாவின் பல்லப்கருக்குப் போய்விட்டது. டிரஸ்ட் பதிந்தபின் அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்து வையுங்கள், ஆனால் அந்த மானியத்தை நம்பி இன்னும் பத்து நாயைச் சேர்க்காதீர்கள். தமிழ்நாடு அரசும் 2022-23 நிதிநிலை அறிக்கையில் வள்ளலார் பல்லுயிர்க் காப்பகங்கள் என்ற திட்டத்துக்கு 20 கோடி அறிவித்தது, உங்களைப் போன்ற தொண்டு நிறுவனங்களை மனதில் வைத்துத்தான். இப்போது அதன் நிலை என்ன, உங்கள் மாவட்டத்தில் யாரிடம் விண்ணப்பிப்பது என்று கால்நடை பராமரிப்புத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள்.

டொராண்டோவில் இருக்கும் அக்கா மகனிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: கையில் இருப்பது எந்த நாட்டுப் பாஸ்போர்ட்? இந்தியப் பாஸ்போர்ட் என்றால் அவர் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக டிரஸ்ட்டுக்கு அனுப்பலாம். கனடா குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், இங்கே பிறந்து வளர்ந்தவராகவே இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு இல்லாமல் டிரஸ்ட் ஆயிரம் ரூபாய்கூட வாங்கக் கூடாது. அந்தப் பதிவுக்கு மூன்று வருடப் பணியும் அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் செலவும் காட்ட வேண்டும், புதுடில்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் கணக்கு வைக்க வேண்டும். உங்கள் அளவுக்கு அது இப்போது வேண்டாம். ஊருக்கு வரும்போது ஒரு நாள் வந்து நாய்களைக் குளிப்பாட்டிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

நாய் விடுதி நல்ல யோசனைதான், ஆனால் அளவு தெரிந்து செய்யுங்கள். விலங்கு நலம் பொதுப் பயன் என்ற வகையில் வருவதால், கட்டணம் வாங்கிச் செய்யும் சேவையின் வரவு டிரஸ்ட்டின் அந்த வருட மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டினால் வரிவிலக்கு போய்விடும். மொத்த வரவு 4 லட்சம் என்றால் விடுதியிலிருந்து 80,000-க்கு மேல் வரக் கூடாது, தீபாவளி, மே மாத விடுமுறையிலேயே அது நிரம்பிவிடும். அதற்குமேல் நடக்கும் என்று தோன்றினால் தோழிகளில் ஒருவர் தன் சொந்தத் தொழிலாக நடத்தி, வரி கட்டி, லாபத்தில் டிரஸ்ட்டுக்கு நன்கொடை தரட்டும். காப்பக நாய்களையும் விடுதி நாய்களையும் ஒரே கொட்டகையில் அடைக்க வேண்டாம். பார்வோ என்ற தொற்றுநோய் ஒன்று புகுந்தால் இரண்டு பக்கமும் போய்விடும்.

பெயர் விஷயம். பைரவர் என்று வைக்கச் சட்டத் தடை இல்லை. கம்பெனியில் காகிதம் பார்க்கிறவர் மட்டும் “கோயில் டிரஸ்ட்டா?” என்று ஒருமுறை கேட்பார், பத்திரத்தைக் காட்டினால் முடிந்தது. அதனால் அந்தப் பத்திரத்தின் நோக்கங்களில் தேய்பிறை அஷ்டமி பூஜை, அன்னதானம் என்று ஆர்வத்தில் எதையும் சேர்த்துவிடாதீர்கள். அதை வீட்டில் செய்துகொள்ளலாம்.